கல்வாரியிலிருந்து மலையை எடுத்தவர்

பட்டிப்பொலவில் பெயின்டர் என்றால் சுவருக்குச் சாயம் அடிக்க வருகிறவர். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால், வீட்டில் கல்யாணம் நெருங்கும்போது நாம் தேடுவது அவரைத்தான். சித்திரப் பாடத்துக்காக இலங்கை ஓவியர்களின் பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளையொன்று ஒருநாள் என்னிடம், “சேர், இந்த டேவிட் பெயின்டர்ங்கிறது பேரா, இல்ல அவரு பாத்த வேலையா?” என்று கேட்டது. சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கேள்வி கூர்மையானது. பெயர்தான், ஆங்கிலேயத் தகப்பன் வழி வந்த குடும்பப் பெயர். ஆனால் அவர் பார்த்த வேலையிலும் இன்றைக்கு மிஞ்சி நிற்பது சுவரில் தீட்டியதுதான்.

இந்த மனிதரை எடைபோட எங்களுக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கும் எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏறி, அம்பேவளையைத் தாண்டி நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா பக்கம். டேவிட் பெயின்டரின் வீடு அங்கேதான் இருந்தது. கொழும்பு அவரைத் தன் ஓவியர் என்கிறது, கண்டி தன் பாடசாலையின் பிள்ளை என்கிறது. மலையகம் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பற்றித் தமிழில் வருவதும் பெரும்பாலும் பாராட்டாகவே இருக்கிறது: கிறிஸ்தவ ஓவியத்துக்கு இலங்கை முகம் தந்தவர், பெரிய ஆசிரியர். இரண்டையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. தள்ளிவிடவும் முடியவில்லை.

வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1900 இல், வட இந்தியாவின் மலைப்பட்டணமான அல்மோராவில் பிறந்தார். தகப்பன் ஆங்கிலேய மிஷனரி. தாய் வீரசூரிய குடும்பத்துச் சிங்களப் பெண், அவரும் மிஷனரிதான். இருவரும் இரட்சணிய சேனையில் ஊழியம் தொடங்கியவர்கள். பின்னர் இந்திய கிறிஸ்தவ மிஷன் என்ற பெயரில் தாங்களே ஓர் அமைப்பை நடத்தினார்கள். அதன் தளம் நுவரெலியா. மகன் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். லண்டன் றோயல் அக்கடமியின் ஓவியப் பள்ளிக்குப் புலமைப்பரிசிலில் போனார், அங்கிருந்து இத்தாலிக்கும் போனார். திரும்பி வந்து வரைந்தார், கற்பித்தார். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். கடைசிக் காலத்தில் நுவரெலியாவில் பெற்றோர் விட்டுச்சென்ற சிறுவர் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். 1975 இல் இறந்தார்.

இனி சுவருக்கு வருவோம்.

திரித்துவக் கல்லூரித் தேவாலயம் கண்டிய மண்டபங்களின் சாயலில் எழுந்தது. எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்கள் இங்கே கல்லாகியிருக்கின்றன. கோதிக் கூரும் மணிக்கூண்டும் இல்லை. பக்கங்கள் திறந்திருக்கின்றன, காற்று வருகிறது, குருவி வருகிறது. வரைபடம் தந்தவர் கல்லூரியின் உப அதிபராக இருந்த காஸ்டர் பாதிரியார். 1923 இல் அடிக்கல் நாட்டி, 1935 இல் பிரதிஷ்டை செய்தார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் அதே கல்லூரியின் பழைய மாணவர் அங்கே நான்கு சுவரோவியங்களைத் தீட்டினார். தன் இரு மகன்களுக்கும் இராச்சியத்தில் இடம் கேட்டு நிற்கும் தாய், சீடர்களின் கால்களைக் கழுவும் இயேசு, நல்ல சமாரியன், பலிபீடத்துக்குப் பின்னால் சிலுவை மரணம். முதலாவது 1928 இல், சிலுவை 1933 இல்.

கட்டடம் உள்ளூர், ஓவியமும் உள்ளூர், ஆகவே இரண்டும் ஒரே குரலில் பேசுகின்றன என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நேரில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. தூண்கள் கண்டிய மொழியில் பேசுகின்றன. ஓவியத்தின் மனிதர்கள் இத்தாலியில் பழகிய மொழியில் பேசுகிறார்கள். எலும்பு எந்த இடத்தில் தோலைத் தள்ளுகிறது, குனியும்போது எடை எந்தக் காலில் இறங்குகிறது, வெளிச்சம் தோளில் விழுந்து விலாவில் எப்படி மங்குகிறது என்பதெல்லாம் றோயல் அக்கடமி வகுப்பறையில் மாடலை நிறுத்திவைத்துக் கற்றவை. நிறம் நம்முடையது. நிற்கும் விதம் அவர்களுடையது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் “இலங்கை முகம் தந்தார்” என்ற கூற்று எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கால் கழுவும் காட்சியின் மனிதர்களுக்கு மனத்துக்குள் வெள்ளைத் தோல் பூசிப் பாருங்கள். படம் அப்படியே நிற்கும். கோடு குலையாது, அமைப்பு சரியாது, கருத்தும் மாறாது. அப்படியானால் அந்தப் பழுப்பு நிறம் ஓவியத்தின் எலும்பில் இல்லை, மேலே பூசியிருக்கிறது. உள்ளூர்த்தன்மை அங்கே உடுப்பளவில் நின்றுவிடுகிறது.

அதே சோதனையைச் சிலுவை ஓவியத்துக்குச் செய்யுங்கள். இங்கே நடப்பது வேறு.

கல்வாரி என்றதும் நம் மனத்தில் மலைதான் எழும். தோட்டத்து மாதா கோயில்களில் சிலுவைப்பாதை நடக்கும்போது ஒரு மேட்டைத் தேடிப் பிடித்துத்தான் கடைசித் தலத்தை வைப்பார்கள். இங்கே மேட்டுக்கா பஞ்சம்? நூற்றாண்டு நூற்றாண்டாக ஐரோப்பிய ஓவியர்களும் அந்த மேட்டையே வரைந்தார்கள்: மொட்டைக் குன்று, இருண்ட வானம், தூரத்தில் நகரத்தின் மதில். அல்மோராவில் பிறந்து நுவரெலியாவிலும் கண்டியிலும் வளர்ந்த பெயின்டருக்கு மலையை வரைய எங்கும் போகவேண்டியதில்லை. கதவைத் திறந்தால் பேதுருதாலகால. அவரோ கல்வாரியிலிருந்து மலையையே எடுத்துவிட்டார். சிலுவையைக் கண்டல் காட்டின் சதுப்பில் நட்டார்.

கண்டல் வளரும் இடம் நிலமுமில்லை, நீருமில்லை. காலை வைத்தால் உள்ளே இழுக்கும். வற்றும்போது சேறு, பெருகும்போது கடல். கல்வாரி மேட்டில் சிலுவை எல்லோரும் பார்க்க உயர்ந்து நிற்கும். அது ஒரு பகிரங்கத் தண்டனை. சதுப்பில் நிற்கும் சிலுவைக்குக் கூட்டம் கிடையாது. யாரும் நடந்து வர முடியாத இடத்தில், உப்பு நீருக்கும் வேருக்கும் நடுவில், ஓர் இளைஞனின் உடல் கைவிடப்பட்டிருக்கிறது. இந்த ஓவியத்திலிருந்து கண்டலை எடுத்துவிட்டு எருசலேம் மேட்டை வைத்துப் பாருங்கள். படம் விழுந்துவிடும். வண்ணத்தின் பசுமை கலந்த இருட்டு, உடலைச் சுற்றிய தனிமை எல்லாம் அந்த நிலத்திலிருந்து வருகின்றன. பைபிள் சொல்லாத ஓரிடத்தை இந்தத் தீவின் கரையிலிருந்து எடுத்து, பைபிள் சொன்ன மரணத்தின் பொருளையே சற்றுத் திருப்பிவிட்டார். உள்ளூராக்குவது என்றால் இதுதான். மற்ற மூன்று சுவர்களிலும் அவர் தோலின் நிறத்தை மாற்றினார், இந்த ஒரு சுவரில் மரணத்தின் இடத்தை மாற்றினார்.

ஆங்கிலேயத் தகப்பன், சிங்களத் தாய், ஆகவே நிலமும் நீருமல்லாத இடைவெளியை வரைந்தார் என்று எழுதுவது சுலபம். அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஓவியனின் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த ஓவியத்தையும் விளக்கிவிடலாம். ஓவியத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் போய்விடும். அதே தகப்பனுக்கும் தாய்க்கும் பிறந்தவர்தானே கால் கழுவும் காட்சியையும் வரைந்தார்? அங்கே அந்தச் சதுப்பு ஏன் இல்லை?

அவரைத் தனியே வைத்துப் பார்க்காமல், அக்காலத்தில் இதே வேலையில் இறங்கிய மற்றவர்களோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. கோவாவில் பிறந்த ஆஞ்செலோ ட ஃபொன்செக்கா சாந்திநிகேதன் போய், வங்காளக் கோட்டில் மரியாளுக்குச் சேலை உடுத்தினார். ஜாமினி ராய் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் காளிகாட் பட ஓவியத்தின் தடித்த கோட்டுக்குள் கிறிஸ்துவைக் கொண்டுவந்து, பெரிய கண்களோடு நேருக்கு நேர் பார்க்கவைத்தார். இவர்கள் இருவரும் கோட்டையே மாற்றினார்கள். ஐரோப்பிய உடற்கூற்றைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்கினார்கள். பெயின்டர் அதைக் கழற்றவில்லை. துணிச்சலை அளவுகோலாக வைத்தால் ஜாமினி ராய்க்குப் பின்னால்தான் அவருக்கு இடம். ஆனால் ஜாமினி ராயின் கிறிஸ்துவுக்கு வலிக்காது. அது அழகான உரு. ஃபொன்செக்காவின் மரியாள் அமைதியானவள். அந்த அமைதி சில படங்களில் வாழ்த்து அட்டையின் அமைதியாகிவிடும். பெயின்டரின் சிலுவையில் உடம்புக்கு எடை இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. அக்கடமி தந்த அந்தக் கல்வியை வீசியிருந்தால் இந்த ஓவியம் கிடைத்திருக்காது. அதே கல்விதான் மற்ற மூன்றையும் மரியாதையான படங்களாக நிறுத்திவைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் பட்டிப்பொலக்காரனாக ஒன்று கேட்டாக வேண்டும். நுவரெலியாவைச் சுற்றித் தேயிலை மலை. பெயின்டர் வரைந்துகொண்டிருந்த ஆண்டுகள் முழுவதும் அங்கே பிரட்டு மணி அடித்தது, கொழுந்துக்கூடை மலை ஏறியது, லயத்துக் காம்பராவில் அடுப்பு புகைந்தது. துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்து, பதிவேட்டில் தகப்பன் பெயரில்லாமல் வளர்ந்த பிள்ளைகளும் இந்த மலையில் இருந்தார்கள். பெயின்டரின் பெயரோடு சேர்த்து இன்று பேசப்படும் ஓவியங்கள் எதிலும் இந்த உலகம் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அன்றைக்கும் படங்கள் இருந்தன: நீலக்கண் இயேசு ஒரு நாட்காட்டியில், பக்கத்து ஆணியில் மாரியம்மன். காமன் கூத்தில் மன்மதனுக்கும் ரதிக்கும் தீட்டிய முகச்சாயம் இருந்தது. இலங்கைக்கென்று ஒரு காட்சிமொழி தேடியவருக்கு எட்டு மைலுக்குள் கிடைத்திருக்கக்கூடிய வண்ணங்கள் இவை.

இதைக் கேட்பது நியாயமா? ஓவியன் எதை வரைய வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது திறனாய்வாகாது. செசானிடம் போய் ஏன் சுரங்கத் தொழிலாளியை வரையவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பெயின்டர் வெறும் ஓவியராக மட்டும் முன்வைக்கப்பட்டிருந்தால் நானும் கேட்டிருக்கமாட்டேன். அவரை இலங்கையின் காட்சிமொழியை உருவாக்கியவர் என்று முன்வைக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கு ஒரு விலை உண்டு: யாருடைய இலங்கை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியபோது எழுத்தில் செய்ததை, ஓவியத்தில் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் பழுப்புத் தோலை வரைந்தாலே இலங்கையை வரைந்ததாகிவிடும் என்ற நம்பிக்கையில் எங்கள் இடம் தானாகவே விடுபட்டுப்போனது. பட்டத்தைக் குறைத்துக்கொண்டால் குற்றச்சாட்டும் குறைந்துவிடும். நான் பட்டத்தைக் குறைக்கவே விரும்புகிறேன்.

அவருக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடப் பழையது. எனக்கு அது இதைவிட மெலிந்ததாகவும் தெரிகிறது. 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட்டைச் சுற்றிக் கூடிய ஓவியர்கள் ’43 குழுவைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுசிறி என்று அந்தப் பட்டியல் நீளும். அதன்பிறகு எழுதப்பட்ட கலை வரலாறு நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டது: இந்தப் பக்கம் நவீனர்கள், அந்தப் பக்கம் அக்கடமிக்காரர்கள். பெயின்டர் அந்தப் பக்கத்தில் விழுந்தார். பாடக்குறிப்பில் எழுத வசதியான கோடு இது. அந்தக் கோட்டின் மேல் கால் வைத்து நிற்கிற இரண்டு சுவர்களை எடுத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும்.

ஜோர்ஜ் கீற்றும் கண்டிக்காரர், திரித்துவக் கல்லூரி மாணவர். பிறந்தது 1901, பெயின்டரைவிட ஒரு வயது இளையவர். 1939 – 40 இல் பொரளை கோதமி விகாரையில் புத்தரின் வாழ்க்கையைச் சுவரோவியமாக்கினார். ஒரே பாடசாலையின் இரண்டு பிள்ளைகள், பத்தாண்டு இடைவெளிக்குள், ஒருவர் தேவாலயத்திலும் மற்றவர் விகாரையிலும் தம் வாழ்க்கையின் பெரிய சுவர்களைத் தீட்டியிருக்கிறார்கள். கீற்றின் கோடு விடுதலை பெற்ற கோடு. உடல்கள் ஒன்றோடொன்று பின்னி, பிக்காசோவையும் கோயில் சிற்பத்தையும் ஒரே மூச்சில் நினைவூட்டும். மொழியளவில் கீற் பல படி முன்னே இருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் கோதமி விகாரையில் நிலம் ஏது? மரமும் மாளிகையும் அலங்காரத்தோடு வந்துபோகும், அவை கதைக்குத் துணை. கண்டல் காட்டைப் போல நிலமே கதையின் பொருளைப் பிடித்துத் திருப்பும் ஓரிடம் எனக்கு அங்கே தென்படவில்லை. நவீனம் என்பது கோட்டில் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? பெயின்டரிடம் அது இடத்தில் நடந்தது. ஒரே ஒரு சுவரில்தான் என்றாலும் நடந்தது.

அவருடைய எண்ணெய் ஓவியங்களில் நிறைய உருவப்படங்கள். பதவியில் இருந்தவர்கள், கனவான்கள், கல்லூரிக்காரர்கள். கைத்திறன் குறையாது, நினைவில் நிற்பது குறைவு. அவற்றை விட்டு நகரலாம். ஆனால் இங்கிலாந்தின் பிரைட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றை விட முடியாது. 1935 இல் வரைந்தது. பிற்பகல் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பு. உடுப்பில்லாத இரு இளைஞர்கள். ஆணுடலின் மீதான ஈர்ப்பை வெளிப்படையாகப் பேசும் ஓவியமாக இதைப் பிற்கால எழுத்தாளர்கள் வாசிக்கிறார்கள். ஓவியம் அந்த வாசிப்பை மறுக்கவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சிலுவைக்கு இரண்டு வருடம் பிந்திய படம் இது. அதே பழுப்பு உடல், அதே இளமை, அதே தனிமை. பைபிள் மட்டும் இல்லை. தேவாலயத்தில் பக்தியாகத் தெரிந்தது உடலின் மீது அவருக்கிருந்த தீராத கவனம் என்பதை இந்தப் படம் காட்டிக்கொடுக்கிறது. பக்தியை இது குறைத்துவிடாது. அவருடைய சிலுவையில் தெய்வத்தைவிட மனித உடம்பு முதலில் கண்ணில் படுவதன் காரணம் இப்போது புரிகிறது.

கல்கிசை புனித தோமையார் கல்லூரித் தேவாலயத்தின் மறுரூபக் காட்சி 1968 இல் வந்தது. முப்பத்தைந்து வருடங்கள் கழிந்திருந்தன. கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. அதைப் பற்றிச் சலசலப்பு எழுந்தது. தாடியில்லாத கிறிஸ்து உரோமப் புதைகுழிச் சுவர்களிலேயே உண்டு, ஆகவே சலசலத்தவர்கள் வரலாறு அறியாதவர்கள் என்று பதில் சொல்லிவிடலாம். என் குறை தாடியைப் பற்றியதல்ல. மறுரூபம் மலையில் நடக்கும் கதை. மலையைத் தெரிந்த கை, மலையை வரைய வாய்ப்புக் கிடைத்த நேரம். அங்கே ஒளிரும் உடல் இருக்கிறது, வியக்கும் சீடர்கள் இருக்கிறார்கள், பெரிய சுவரை நிரப்பும் ஆற்றல் குன்றவில்லை. இடம் மட்டும் மௌனமாக இருக்கிறது. எந்த நாட்டுத் தேவாலயத்துக்கும் கொண்டுபோய் ஒட்டக்கூடிய ஓவியம். 1933 இல் கண்டுபிடித்ததை 1968 இல் அவர் மேலே எடுத்துச் செல்லவில்லை. இந்த இடைவெளியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் என்ற புகழை எப்படி அளப்பது? மாணவர் எண்ணிக்கையை வைத்து அளந்தால் எல்லா ஆசிரியரும் பெரியவர்களே. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1957 இல் கலைக்கல்லூரியின் தலைவரானார். 1966 இல் தன் மாணவர்களோடு சோழமண்டல் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்தக் காசில் மனைகளை வாங்கி, ஓவியம் வரைந்து வாழ முடியும் என்று காட்டினார்கள். அங்கே ஆசிரியர் ஓர் இயக்கத்தை விட்டுச்சென்றார். அந்த அளவுகோலில் பெயின்டர் விட்டுச்சென்றது எதுவுமில்லை. அவர் பாணியில் வரைந்த ஒரு தலைமுறையைக் காட்ட முடியாது. அவர் பெயரில் ஒரு போக்கும் கிடையாது. அரசாங்கக் கல்லூரியில் பாடத்திட்டம் நடத்திய அதிகாரி என்று சொல்லி முடித்துவிடலாம்போல் தோன்றும்.

ஆனால் மாற்கு இருக்கிறார். 1933 இல், அதாவது கண்டியில் சிலுவை ஓவியம் முடிந்த ஆண்டிலேயே, யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். ஐம்பதுகளில் கொழும்பு நுண்கலைக் கல்லூரிக்குப் போய் பெயின்டரிடம் படித்தார். ஊர் திரும்பிச் சித்திர ஆசிரியரானார். மாற்குவின் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும்: ஆசிரியரின் வழியில் அவர் ஓரடியும் நடக்கவில்லை. உடல்கள் உடைந்து, நீண்டு, கோணலாகின்றன. கழுத்து தேவைக்கேற்ப வளரும், கண் தேவையில்லையென்றால் மறைந்துவிடும். றோயல் அக்கடமி அதைப் பார்த்தால் மயங்கி விழும். அப்படியிருக்க இவரைப் பெயின்டரின் வாரிசு என்று எந்த முகத்தோடு சொல்வது?

மாற்குவின் கோட்டை உற்றுப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. அவர் உடைக்கும் உடல், முதலில் சரியாக நிற்கத் தெரிந்த உடல். முழங்கையை எங்கே முறித்தால் பெண் துயரப்படுவாள், எங்கே முறித்தால் பொம்மையாகிவிடுவாள் என்பது உடற்கூறு தெரியாத கைக்கு அகப்படாது. அந்தப் பயிற்சி கொழும்பில் கிடைத்தது. பாணியைக் கொடுக்காமல் பயிற்சியை மட்டும் கொடுப்பதும் ஓர் ஆசிரியத்தனம்தான். பெயின்டர் அதைத் தெரிந்தே செய்தாரா, அல்லது அவர் பாணி மாணவர்களைக் கவரும் அளவு சூடாக இல்லையா என்று கேட்டால், இரண்டாவதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் பெயின்டருக்கு முழு வரவும் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1938 இலேயே வின்சர் பெயரில் ஓர் ஓவியக் கழகம் தொடங்கியிருந்தார். வின்சர் இருபதுகளில் இலங்கையின் சித்திரப் பரிசோதகராக இருந்த ஆங்கிலேயர். பிள்ளைகளின் கையைப் பிரதி எடுப்பதிலிருந்து விடுவிக்க நினைத்தவர், கொழும்பின் நவீன ஓவியத்துக்கு முதல் விறகு போட்டவர்களில் ஒருவர். மாற்கு கொழும்புக்குப் போகும் முன்பே அந்தக் காற்று யாழ்ப்பாணத்தில் வீசியது. கீற்றின் ஓவியங்களும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. ஆகவே மாற்குவின் கையில் பெயின்டர் இருந்தார் என்றால், கண்ணில் மற்றவர்கள் இருந்தார்கள்.

மாற்கு ஆசிரியராகத் தன் ஆசிரியரை மிஞ்சினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பர்களும் மாணவர்களும் 1987 இல் அவருக்காகத் ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தமிழில் ஓர் ஓவியருக்கு அவர் வாழும்போதே அப்படியொரு நூல் வருவது எவ்வளவு அரிது என்று சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறிச்சோடியபோது அவரும் ஊரைவிட்டுப் போனார். ஓவியங்களில் பெரும்பகுதி தொலைந்தது. 2000 இல் மறைந்தார். பெயின்டரின் சுவர்கள் கல்லூரிகளின் காவலில் பத்திரமாக இருக்கின்றன. மாற்குவின் படங்களில் பலவற்றுக்குக் கதைதான் மிச்சம். மரபை எடைபோடும்போது எஞ்சிய ஓவியங்களை மட்டும் தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்குவிடம் படித்தவர்களில் ஒருவர் தா. சனாதனன். டெல்லிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது மலையகத்துப் பிள்ளைகள் போகிறார்கள். அட்டனில் பிறந்து அங்கே படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தின் கறையையே ஊடகமாக எடுத்துக்கொண்டார். கொழுந்தெடுக்கும் தாய்மாரின் உலகம் அந்தக் கறையில் வருகிறது. ஆக, நுவரெலியாவிலிருந்து கொழும்பு போய், கொழும்பிலிருந்து குருநகர் போய், டெல்லி சுற்றி, யாழ்ப்பாணம் வந்து, ஒரு பயிற்சி மறுபடி மலையேறியிருக்கிறது. எங்கள் மெயில் ரயில்கூட இவ்வளவு சுற்றுவதில்லை.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு குருபரம்பரை பாட எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது. மாற்குவில் அக்கடமிக் கோடு கழன்றது. சனாதனனில் சட்டத்துக்குள் அடங்கும் படமே கேள்விக்குள்ளானது. வரைபடமும் ஆவணமும் மக்கள் கொண்டுவந்து தந்த பொருட்களும் ஓவியமாயின. அட்டன் பிள்ளையிடம் வரும்போது சாயக்குழம்பே கழன்று தேயிலைக் கறையாகியிருக்கிறது. பெயின்டரை இந்தக் கறையில் தேடினால் கிடைக்கமாட்டார். ஆனால் அவர் விட்டுப்போன இடம் இங்கேதான் நிரம்புகிறது: நிறத்தைத் தோலின் மேல் பூசாமல், நிலத்திலிருந்தே எடுத்த நிறம். கண்டல் காட்டில் அவர் ஒருமுறை தொட்டுவிட்டு விட்டுவிட்ட காரியம், அவர் பெயரைச் சொல்லாமலே தொடர்கிறது. அதற்கான புகழ் அவருக்குச் சேராது, அதைச் செய்தவர்களுக்குத்தான் சேரும்.

என் தீர்ப்பு இது. இலங்கைக் காட்சிமொழியின் தந்தை என்ற பட்டம் அவருக்குப் பெரிது; எடுத்துவிடலாம். அக்கடமிக்காரர் என்ற வசை சிறிது, அதையும் எடுத்துவிடலாம். நான்கு சுவர்களில் மூன்று தேர்ந்த கைவேலை, ஒன்று இந்த நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட சிறந்த சமய ஓவியங்களில் ஒன்று. கோதமி விகாரைக்குப் பக்கத்தில் தயங்காமல் வைப்பேன். 1968 அதற்குக் கீழேதான். ஆசிரியராக அவர் நடுத்தரமானவர், பெரிய மாணவர் ஒருவர் வாய்த்த நடுத்தரமானவர். மலையகத்துக்கு அவர் கடன்பட்டிருக்கிறாரா என்றால், பட்டிருக்கிறார். ஓர் ஓவியனிடம் வசூலிக்க முடியாத கடன் அது.

கேள்வி கேட்ட பிள்ளையையும் அதன் கூட்டாளிகளையும் கண்டிக்கு அழைத்துப்போக வேண்டும். காலை ரயிலில் ஏறிப் பேராதனையில் மாறினால் போய்விடலாம். கல்லூரியில் அனுமதி கேட்டுத் தேவாலயத்துக்குள் உட்காரவைத்து, தாளும் பென்சிலும் கொடுத்து, சிலுவையையும் அதில் தொங்கும் உடலையும் விட்டுவிடுங்கள், கண்டல் காட்டை மட்டும் வரையுங்கள் என்று சொல்வேன்.